டிரைவரம்மாவின் கூரை

மூன்றாவது நாளாக டிரைவரம்மா தான் குடியிருக்கும் வண்டியின் கூரை மேல் முட்டி போட்டுக்கொண்டிருந்தாள். முட்டிக்கு அடியில் பழைய தலையணை, தலையணைக்கு அடியில் ஒரு பலகை. நேராகக் காலை ஊன்றினால் கூரை அமுங்கிவிடும் என்பதால் அந்தப் பலகை. கையில் சுவருக்குப் பட்டி பூசுகிற பிளாஸ்டிக் தகடு. இரும்புத் தகடாக இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கூரை முழுக்க ஒட்டியிருக்கும் வெள்ளை ரப்பர் விரிப்பை அது ஒரு இழுப்பில் கிழித்துவிடும்.

அவள் சுரண்டிக்கொண்டிருந்தது சிலிக்கான். போன வருஷம் ஹார்டுவேர் கடையில் வாங்கி, கூரையில் கண்ணில் பட்ட இணைப்பில் எல்லாம் கேக்குக்கு க்ரீம் தடவுவது போல அவளே தாராளமாகத் தடவியது. பாத்ரூம் டைல்ஸுக்குப் பூசுகிற சிலிக்கான் இந்த ரப்பரை சரியாகப் பிடிக்காது, ஓரம் ஓரமாகக் கிளம்பிவிடும் என்பது அப்போது தெரியாது. அதைவிட மோசம், ஒரு இடத்தில் சிலிக்கான் பட்டுவிட்டால் அதன் மேல் ஒழுகலை அடைக்கிற வேறு எந்தச் சீலன்டும் ஒட்டாது. ஆகவே நல்ல சீலன்ட் போட வேண்டுமானால் முதலில் தன் கைவேலையைத் தானே பிய்த்து எடுக்க வேண்டும். மூன்று நாளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இறங்கு. டீ ஆறுது," என்று கீழேயிருந்து கம்பவுண்டர் குரல் கொடுத்தார். அவள் கணவர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தோரு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றுவிட்டாலும் பெயர் ஓய்வு பெறவில்லை.

"இன்னும் அரை ஜாண்தாங்க இருக்கு."

"நேத்தும் அரை ஜாண்தான் இருந்துச்சு. அது என்ன, வளருதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் இடுப்பு வலித்தது.

டிரைவரம்மாவுக்கு அடுத்த மாதம் ஐம்பத்தொன்பது முடிகிறது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வழித்தடம், பதினேழு நிறுத்தம். பிள்ளைகள் வைத்த பெயர்தான் டிரைவரம்மா. பிறகு வாத்தியார்கள் கூப்பிட்டார்கள், டெப்போவில் கூப்பிட்டார்கள், கடைசியில் கட்டின கணவரும் கூப்பிட ஆரம்பித்தார். தினமும் வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து எல்லா டயரையும் தட்டிப் பார்ப்பாள். பஸ்ஸில் எங்காவது கீறல் விழுந்தால், யாரும் பார்க்காவிட்டாலும், சாயங்காலம் டெப்போ நோட்டில் அவளே எழுதிக் கையெழுத்துப் போடுவாள். "நீங்க எழுதலைன்னா எங்களுக்குத் தெரியவே போறதில்லையே அம்மா," என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொள்வார். "எனக்குத் தெரியுமே சார்," என்பாள்.

இந்த வண்டியை அவள் முதலில் பார்த்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். ஒரு பல் டாக்டருடையது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்ப்பார். முன்பாதியில் நாற்காலியும் விளக்கும், பின்பாதியில் அவர் தூங்கக் கட்டில், அடுப்பு, தொட்டி, குறுகலான ஒரு கழிப்பறை. உள்ளே பிள்ளைகள் கத்துகிற கத்தலை வெளியே தன் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டபடி, ஒரு ஆள் படுக்கவும் சமைக்கவும் இவ்வளவு இடம் போதுமா என்று அவள் அளந்துகொண்டிருப்பாள். டாக்டர் வேலையை விட்டதும் வண்டி விலைக்கு வந்தது. அவளும் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றாள். நாற்காலியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மேஜை போட்டார்கள். தரையில் நாற்காலியின் எட்டு போல்ட் துளைகளும், ஒரு டிராயர் நிறையப் பல் குத்துகிற கொக்கிகளும் மிச்சம். அதுவரை வாடகைக்கு இருந்த இரண்டு அறையைக் காலி செய்து, பாத்திரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, இருவரும் வண்டியிலேயே குடியேறினார்கள். ஊரில் இருக்கும்போது டயர்க்கடைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் மைதானத்தில் நிறுத்திக்கொள்வார்கள். டயர்க்காரர் தண்ணீரும் கரண்டும் கொடுத்தார். மற்ற நாளில் பதினேழு நிறுத்தம் இல்லாத ரோடு.

முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. போன மழைக்காலத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. காற்று வந்துபோகக் கூரையில் வைத்த காற்றுப்போக்கியின் ஓரம், கழிப்பறைக்கு மேலே, கட்டிலுக்கு மேலே. சுவர்ப் பலகை ஊறிக் கறுத்து, பழைய துணி மூட்டையைப் பிரித்தது போல ஒரு வாடை. கம்பவுண்டருக்கு ஏற்கெனவே இருந்த வீசிங் அந்த வாடையில் பெரிதானது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள், அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. தனக்குக் கொடுத்த மாத்திரைக் கவரைத் திருப்பிப் பார்த்து, "எழுத்தே சரியில்லை. என் காலத்துல இப்படியா?" என்று அவர் குறைபட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

மகன் அப்போதுதான் பேசினான். ஒரே மகன். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது எதனால் ஆனது என்று எழுதித் தருகிற இன்சூரன்ஸ் சர்வேயர். ஆஸ்பத்திரி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டுக்கொண்டான்.

"அம்மா, நான் சண்டை போட வரலை. ஒரே ஒரு பேச்சு. அடுத்த மழைக்காலத்துல ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும், வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் என்னோட வந்துடணும்."

"விழலைன்னா?"

"விழலைன்னா அதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா?"

"அம்மா."

"சரிடா. ஒத்துக்கறேன்."

ஒத்துக்கொண்டதில் பொய் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். மகன் வீடு ஒன்பதாவது மாடி. அவர்களுக்கென்று ஒரு அறை. இப்போதைக்கு அதில் உடற்பயிற்சி சைக்கிள் நின்றது. மருமகள் தங்கமானவள். "அத்தை, திரைச்சீலை துவைச்சுப் போட்டிருக்கேன். ஜன்னல் மட்டும் ஒரு ஜாணுக்கு மேல திறக்காது, சின்னப் பிள்ளைங்க இருக்கிற கட்டடம்னு அப்படி வச்சிருக்காங்க," என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். அங்கே ஒரு குறையும் இல்லை. குறை சொல்ல எதுவும் கிடைக்காததுதான் டிரைவரம்மாவுக்கு இடித்தது. ஒருவர் ஓட்டுகிற வண்டியில், இறங்கும் இடம் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

ஆக, இந்தக் கூரை.

நாலாம் நாள் சுரண்டல் முடிந்தது. காற்றுப்போக்கியின் சட்டத்தைக் கழற்றினாள். பதினாறு ஸ்க்ரூ. அதில் ஐந்து துருப்பிடித்து, தொட்டதும் தலை கையோடு வந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. கழற்றிய ஒவ்வொன்றையும் மேலேயிருந்து நீட்ட, ஏணியில் இரண்டாம் படியில் நின்ற கம்பவுண்டர் வாங்கி மாத்திரைக் கவரில் போட்டு எழுதினார். 'காற்றுப்போக்கி, முன்பக்கம்.' 'காற்றுப்போக்கி, பின்பக்கம்.' ஒரு கவரில் பழக்கதோஷத்தில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிவிட்டார்.

"சாப்பிட்டுட்டுத்தான் முடுக்கணுமா?" என்றாள் அவள்.

"வெறும் வயித்துல முடுக்கினா தலை சுத்தும்."

சட்டம் உட்காரும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் நாலு முறை துடைத்தாள், துணி வெள்ளையாகவே திரும்பி வருகிறவரை. சூயிங்கம் போல இழுபடுகிற பசை நாடாவைச் சுற்றிலும் ஒட்டி, மேலே சட்டத்தை வைத்து, புது ஸ்க்ரூக்களை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். ஒரே பக்கமாக முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். டயர் மாற்றும்போது நட்டு முடுக்குகிற அதே முறை. நாடா பிதுங்கி வெளியே வந்ததும் தகட்டால் வழித்தாள். அதற்கு மேல், தானே பரவி மட்டமாகிற கூரைச் சீலன்ட். அதற்கான துப்பாக்கியில் ட்யூபை மாட்டி விசையை அழுத்தினால் கெட்டித் தயிர் போல இறங்கி, ஸ்க்ரூ தலையை மூடி, தானாகவே மினுமினுப்பாக உட்கார்ந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. அவசரப்படுத்த முடியாத ஒரு பொருள்.

ஆறாம் நாள் மதியம் கடைசி ஓரமும் முடிந்தது. கீழே இறங்கியபோது முட்டி இரண்டும் யாருடையதோ போல இருந்தன.

"ட்யூப்ல பாதிக்கு மேல மிச்சம் இருக்கே," என்றார் கம்பவுண்டர்.

"இருக்கட்டும்."

"நாளைக்குக் காஞ்சு கல்லாயிடும்."

"ஆகட்டும். நான் படுக்கறேன்."

இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். எழுந்து வந்தபோது ட்யூப் நசுங்கி, வாய் துடைக்கப்பட்டு, குப்பைத் தொட்டியில் கிடந்தது. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணீங்க?"

"வீணாப் போகுமேன்னு அங்கங்க தொட்டு விட்டேன். ஏணிக் கம்பி, நம்பர் பிளேட், அந்த மாதிரி."

"கூரை மேல ஏறினீங்களா?"

"நானா? நாலாவது படிக்கு மேல நான் ஏறினா நீ விடுவியா?"

அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

மழை அதற்கடுத்த வாரம் தொடங்கியது. முதலில் தூறல். டிரைவரம்மா காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கூரையின் உட்புறத்தை உள்ளங்கையால் தடவுவாள், காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. காற்றுப்போக்கி காய்ந்திருந்தது. கழிப்பறை காய்ந்திருந்தது. மூன்று நாள், நாலு நாள், எல்லாம் காய்ந்திருந்தது. மகன் தினமும் போன் செய்தான்.

"என்னம்மா நிலவரம்?"

"இங்க மழையா? எனக்குத் தெரியவே இல்லையே."

"ரொம்பத்தான். ஞாயித்துக்கிழமை வரேன். ஈரம் பாக்கற மெஷின் வச்சு ஒரு தடவை பாத்துடறேன்."

"வா. மெஷினுக்கும் சேத்து டீ போடறேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் பெருமழை. காற்று பக்கவாட்டில் அடித்து, வண்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே அசைந்தது. காலையில் கம்பவுண்டர் எழுந்து டீ போடப் போனார். டிரைவரம்மா படுக்கையைச் சுருட்டக் கையை வைத்தாள். ஜன்னல் பக்கம், அவர் தலை வைக்கிற இடத்தில், மெத்தை ஈரம். தலையணையின் கீழ் மூலை ஈரம். சுவர்ப் பலகையில் ஜன்னலிலிருந்து மெத்தைவரை ஒரு பட்டையாகக் கறுத்திருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு நாள் முட்டி போட்ட கூரை. அடுப்பருகே அவர் இருமினார். சும்மா தொண்டை இருமல்தான். ஆனாலும் அதை அவள் எண்ணினாள். மூன்று.

"டீ," என்று அவர் திரும்பியபோது, அவள் மெத்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் பார்த்தார். டம்ளரை மேஜையில் வைத்தார்.

"ஒரு சொட்டுன்னுதானே பேச்சு?" என்றார் மெதுவாக.

"இது ஒரு லிட்டர் இருக்கும்."

மழை பத்து மணிக்கு விட்டது. அவள் மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் சீலன்ட் ஒட்டியது ஒட்டியபடி, நகம் வைத்தால்கூடக் கிளம்பவில்லை. கட்டிலுக்கு மேலே கூரையின் உட்புறமும் காய்ந்தே இருந்தது. அப்படியானால் மேலேயிருந்து வரவில்லை. கீழே இறங்கி டயர்க்காரரிடம் தண்ணீர்க் குழாய் கேட்டாள்.

"இவ்வளவு மழை பெஞ்சும் போதலையாம்மா?" என்றார் அவர்.

"மழை எங்க பெய்யுதுன்னு சொல்லிட்டுப் பெய்யாதுண்ணே. இதுன்னா நான் சொன்ன இடத்துல பெய்யும்."

கணவரை உள்ளே ஒரு டார்ச்சோடு உட்கார வைத்துவிட்டு, வெளியே சுவரின் அடியிலிருந்து தொடங்கினாள். ஒழுகும் இடம் தேடும்போது கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து எதுவும் தெரியாமல் செய்துவிடும். அடிச்சுவரில் ஐந்து நிமிஷம்.

"ஏதாவது வருதா?"

"ஒண்ணும் இல்லை."

ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு கண்ணாடி ஒன்றன் பின் ஒன்றாக நகர்கிற ஜன்னல் அது. கண்ணாடியில் தண்ணீரைப் பிடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நிறுத்து, நிறுத்து! வழியுது!"

உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தாள். கண்ணாடி நகர்கிற தடம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி போல விளிம்புவரை நிறைந்து, உள்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தடத்தில் மழை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கியது வெளியே போவதற்காகவே சட்டத்தின் அடியில் அரிசி நீளத்தில் நாலு துளை வைத்திருப்பார்கள். அவள் ஓட்டிய பஸ்ஸிலும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் உண்டு. பிள்ளைகள் அதில் மிட்டாய்க் காகிதத்தை அடைப்பார்கள், அவள் சனிக்கிழமைதோறும் குச்சியால் எடுப்பாள்.

வெளியே வந்து குனிந்து பார்த்தாள். நாலு துளை இருக்க வேண்டிய இடத்தில் நாலு வெள்ளைப் பொட்டு. பிசிறில்லாமல், வழியாமல், ஒரே அளவில், மாத்திரை அச்சில் வார்த்தது போல. டிரைவரம்மாவின் கை அவ்வளவு சுத்தம் கிடையாது. அவள் தடவினால் எப்போதும் ஒரு வால் இருக்கும்.

"ஏங்க," என்றாள். "கொஞ்சம் வெளிய வாங்க."

அவர் வந்தார். அவள் விரலால் காட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"இது எப்ப?"

"அன்னிக்குத்தான். நீ தூங்கும்போது."

"ஏணிக் கம்பி, நம்பர் பிளேட்டுன்னு சொன்னீங்க."

"'அந்த மாதிரி'ன்னும் சொன்னேனே."

"ஏங்க அடைச்சீங்க?"

"எறும்பு வருதும்மா. வரிசையா அந்த ஓட்டை வழியா வந்து, சுவர்ல இறங்கி, நேரா சர்க்கரை டப்பாவுக்குப் போகுது. நான் ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். ட்யூபும் மிச்சம் இருந்துச்சு. நீயும் ஆறு நாளா ஓட்டையை அடைச்சுட்டே இருந்தே, நானும் நம்மால ஆனது..." அவர் நிறுத்திக்கொண்டார். "இது வேற ஓட்டையா?"

"இது தண்ணி வெளிய போறதுக்கு வச்ச ஓட்டைங்க."

கம்பவுண்டர் ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மருந்தை மாற்றிக் கொடுக்காத மனிதர். முகம் சின்னதாகிவிட்டது. திட்டுவதற்காக டிரைவரம்மா வாயெடுத்தாள். மூக்கு மேல் வந்து நின்ற கோபம், இவ்வளவு அழகாக அடைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியதில் எங்கோ இடறிக்கொண்டது.

"மத்த ஜன்னல்?"

"எல்லா ஜன்னலும்தான்," என்றார் மிகவும் தாழ்ந்த குரலில். "மொத்தம் பதினாறு."

அவரே உள்ளே போய் டிராயரிலிருந்து பல் டாக்டரின் கொக்கிகளில் மெல்லிய ஒன்றைத் தேர்ந்து எடுத்து வந்தார். சட்டத்தில் கீறல் விழாமல், பொட்டின் ஓரத்தில் நுனியை நுழைத்து நெம்பினார். முதல் பொட்டு முழுசாக வந்தது. கூடவே தண்ணீர் நூலாக இறங்கிச் சிமெண்டில் விழுந்தது. பழுப்பு நிறத் தண்ணீர், நடுவில் ஒரு செத்த எறும்பு.

"குற்றவாளி," என்றார் கம்பவுண்டர்.

"எறும்பையா சொல்றீங்க?"

பதினாறையும் அவர்தான் எடுத்தார். அவளைத் தொடவே விடவில்லை.

மெத்தையை டயர்க்கடையின் இரும்புக் கம்பியில் காயப் போட்டார்கள். சனிக்கிழமை நல்ல வெயில். சாயங்காலத்துக்குள் மெத்தை காய்ந்துவிட்டது, பலகையின் கறுப்பும் பார்வைக்கு மங்கிவிட்டது. கம்பவுண்டர் தலையணைக்கு உறை மாட்டியபடியே பேச்சை எடுத்தார்.

"பையன்கிட்ட என்னத்துக்குச் சொல்லணும்? கூரையா ஒழுகுச்சு? ஜன்னல்தானே. அதுவும் நான் பண்ணின வேலை. இப்ப சரியாயிடுச்சு."

அவளும் அதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் எதற்கு. டெப்போ நோட்டு இல்லை, மேனேஜர் இல்லை. ஒன்பதாவது மாடியின் ஒரு ஜாண் ஜன்னல் மட்டும் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். மருமகள் பின்னால் பிஸ்கட் டப்பாவோடு. அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பையிலிருந்து மெஷினை எடுத்தான். சின்னது, நுனியில் இரண்டு ஊசி. பலகையில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். பதினைந்துக்குக் கீழே இருந்தால் நல்ல பலகை. காற்றுப்போக்கி அருகே குத்தினான். பதினொன்று. கழிப்பறை. பன்னிரண்டு. அவன் புருவம் உயர்ந்தது.

"பரவாயில்லையே அம்மா."

கட்டில் பக்கம் நகர்ந்தான். டிரைவரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"குத்தறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை இங்க தண்ணி வந்துச்சு. மெத்தை நனைஞ்சுது."

மருமகள் பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"கூரை ஒழுகலைடா," என்றார் கம்பவுண்டர். "நான்தான் ஒழுக வச்சேன்." நடந்ததை நடந்தபடி சொன்னார், எறும்பு முதல் பதினாறு பொட்டுவரை. பொட்டுகளை ஒரு மாத்திரைக் கவரில் போட்டு வைத்திருந்தார். அதையும் எடுத்துக் காட்டினார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்காதே," என்றான் மகன் அவளிடம். அவன் உதடும் சரியாக நிற்கவில்லை.

பிறகு பலகையில் குத்தினான். முப்பத்தொன்று. சிரிப்பு போய்விட்டது.

"அம்மா, ஒரு சொட்டுன்னு பேசினோம்."

"பேசினோம். நான் இல்லைன்னு சொல்லலை."

"அப்ப?"

"நீதான் சர்வேயர். எதனால ஆச்சுன்னு பாத்துட்டுத்தானே எழுதுவே? பாரு. பாத்துட்டு எழுது. என்ன எழுதறியோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனான். டயர்க்காரரின் குழாய் மறுபடி வந்தது. கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம், ஜன்னலுக்குப் பத்து. நாலு துளையிலிருந்தும் தண்ணீர் நாலு நூலாக இறங்கியது. உள்ளே மருமகள் டார்ச் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லைங்க," "ஒண்ணுமில்லைங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவனே ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்தான். கீழே இறங்க வெகு நேரம் ஆனது.

"ஸ்க்ரூ எல்லாம் புதுசா?" என்று மேலேயிருந்தே கேட்டான்.

"எல்லாம்."

"தனியாவா பண்ணின?"

"அப்பா ஏணியைப் பிடிச்சாரு."

இறங்கி வந்து கையைத் துடைத்தான். சர்வேயர் குரலில்தான் சொன்னான்.

"கூரை சரியா இருக்கு. ஜன்னல் இப்ப சரியா இருக்கு. ஆனா இந்தப் பலகைக்கு உள்ள ஈரம் நிக்குது. இது காயறவரை அப்பா இங்க படுக்கக் கூடாது. பலகையைக் கழட்டு, ஃபேன் போடு. பதினஞ்சுக்குக் கீழ வரட்டும். மெஷினை வச்சுட்டுப் போறேன். தினமும் காலையில நம்பர் அனுப்பு. பதினஞ்சுக்குக் கீழ வந்தா அப்பாவைக் கூட்டிட்டு வந்துக்கோ. வரலைன்னா..." என்றவன் முடிக்கவில்லை.

"வரும்," என்றாள்.

கம்பவுண்டர் ஒரு பையில் இரண்டு சட்டை, இன்ஹேலர், படிக்கிற கண்ணாடி எடுத்துக்கொண்டு மகனோடு போனார். காரில் ஏறும்போது, "எறும்புக்கு லவங்கம் வை," என்று மட்டும் சொன்னார்.

டிரைவரம்மா பலகையைக் கழற்றினாள். உள்ளே சூடு தடுக்க வைத்திருந்த பஞ்சு சொதசொதவென்று இருந்தது, பிய்த்துப் போட்டாள். ஃபேனை நேரே திருப்பி வைத்தாள். முதல் நாள் இருபத்தொன்பது. அடுத்த நாள் இருபத்தெட்டு. அதற்கடுத்த நாள் மழை, இருபத்தொன்பது. அன்று அவள் எண்ணை அனுப்பக் கொஞ்சம் நேரமெடுத்தாள். அனுப்பினாள். பிறகு இருபத்தாறு, இருபத்திரண்டு. கணவர் தினமும் மத்தியானம் போன் செய்து, மாடியில் தான் நலம் என்றும், சைக்கிளில் ஏறி மிதித்ததாகவும், எங்கும் போகவில்லை என்றும் சொன்னார். பத்தொன்பது. பதினேழு. பதினாறில் ஐந்து நாள் நின்றது. மெஷினைத் தட்டிப் பார்த்தாள், டயரைத் தட்டுவது போல.

பதின்மூன்றாம் நாள் காலை பதினான்கு. இரண்டு தடவை குத்தினாள். இரண்டு தடவையும் பதினான்கு. அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் மகனிடமிருந்து பதில் வந்தது. 'அப்பாவைக் கீழே கேட் கிட்ட நிக்கச் சொல்றேன்.'

புதுப் பஞ்சு வைத்துப் பலகையை மாட்டினாள். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயர்களைத் தட்டினாள். டயர்க்காரர் கையசைத்தார். மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டுக்கொண்டு ஊரின் குறுக்கே ஓட்டினாள். அடுக்குமாடி வாசலில் காவல்காரரின் கூரைக்கு அடியில் கம்பவுண்டர் பையை நெஞ்சோடு அணைத்து, தலை வாரி, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிற பிள்ளைகள் சில பேர் உண்டு, அந்த மாதிரி. அவள் இரண்டு தடவை ஹாரன் அடித்தாள்.

அவர் வந்தார், ஆனால் கதவுக்கு வரவில்லை. மழையிலேயே வண்டியின் பின்பக்கம் போனார். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்: ஜன்னலுக்கு அடியில் குனிந்து நின்று, விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். நாலு துளையிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தலையாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நனையறீங்க. ஏறுங்க," என்றாள் டிரைவரம்மா.

அவர் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவள் வண்டியை எடுத்தாள்.